தேய்க்காமல் விட்ட கால்

என் தொழிலை ஒரே சொல்லில் சொல்ல எனக்கு இன்னும் வராது. மசாஜ் என்றால் சிலர் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். வைத்தியம் என்றால் பொய். நல்லூரில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. "உடம்பு பிடிக்கிறவரின்ரை வீடு எது?" என்று தெருமுனை டியூசன் சென்ரரில் கேட்டால், சைக்கிளில் வந்து நிற்கிற பிள்ளைகள் கையைக் காட்டிவிடுவார்கள். ஆண்களுக்கு நான். பெண்களுக்கும் பிள்ளைப்பெற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் என் மனைவி. கன வருசமாக இப்படித்தான் எங்கள் சீவியம் ஓடுகிறது.

கோயில் திருவிழாக் காலத்தில் அறை நிரம்பிவிடும். விடியற்காலையில் வெறும் மேலோடு வீதியைச் சுற்றி மணலில் உருண்டு பிரதட்டை எடுத்த ஆண்கள், தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வந்த பெண்களுக்கு முழங்கால். அவர்களை முதல் நாள் அமத்தக்கூடாது. நொச்சியையும் ஆமணக்கிலையையும் நறுக்கி, எண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து, சூட்டோடு மெல்ல ஒத்தி எடுக்க வேண்டும். அடுத்த நாள்தான் கையால் பிடிக்கிறது. பந்தடிக்கிற பெடியளுக்கு வேறு மாதிரி. ஆட்டத்துக்கு முதல் கெதியாகத் தட்டித் தேய்த்து உடம்பைச் சூடாக்கிவிட வேணும்; ஆட்டம் முடிந்தால் ஆறுதலாக, நீளமாக. நாள் முழுக்கக் குனிந்திருந்து தைக்கிற தையல்காரருக்குக் கழுத்தின் பின்பக்கத்தில் இரண்டு விரலால் ஒரே இடத்தில் அமத்திப் பிடித்தால் போதும். கண்ணிலிருந்து தண்ணி வரும், "அம்மா" என்பார்கள், பிறகு எழும்பித் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இதெல்லாம் நோயை மாற்றும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நோவு குறையும், நித்திரை வரும், அவ்வளவுதான். ஆனால் நித்திரை இல்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது அண்ணையைப் பற்றி.

அண்ணை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது எனக்கு எட்டு, அவருக்குப் பத்தொன்பது. படிப்பை விட்டுவிட்டு உடுவிலில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் இறங்கினார். என்னைப் படிப்பித்தது அவர். எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தது அவர். ஆனால் எங்கள் வீட்டில் ஆளை ஆள் தொட்டுக் கதைக்கிற பழக்கம் இல்லை. பரீட்சை பாஸ் பண்ணினால் "சரி" என்பார். காய்ச்சல் என்றால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், சுடுகிறதா என்று அறிய, அவ்வளவுதான்.

ஒருமுறை மாரி மழைக்கு ஒழுங்கையெல்லாம் வெள்ளம். பள்ளிக்கூடத்தில் இருந்து என்னைச் சைக்கிளில் ஏற்றி வந்தார். பின்னுக்குக் கரியரில் இருந்த நான் விழுந்துவிடப் பயந்து அவருடைய இடுப்பை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நனைந்த சேட்டில் வெங்காயமும் செம்மண்ணும் கலந்த ஒரு மணம். வீட்டு வாசல் படலை வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடு என்று சொல்லவில்லை. பிறகு கன காலம் நான் அவரைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

யுத்தம் கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் வேலை தேடித் தெற்குக் கரைக்குப் போனேன். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் துவாய் மடித்து வைக்கிற வேலை கிடைத்தது. மசாஜ் அறைக்கும் அந்தத் துவாய்களைத்தான் கொண்டுபோய் வைப்பேன். அங்கே வேலை செய்த சிங்கள மனிதர் ஒருவர் வேலையை விட்டுப் போக, ஆள் தேவைப்பட்டது. நான் கேட்டேன். ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அந்த நாள்களை நினைக்க எனக்கு இப்பவும் ஆசையாக இருக்கும். யன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே நல்லெண்ணெயும் சித்தாலேபத் தைலமும் சூடேறுகிற மணம். வெள்ளைக்காரருக்குப் பிடித்தது எண்ணெய் பூசி நீளமாக இழுத்துத் தடவுகிற முறை. சுவீடன் முறை என்பார்கள். தாய்லாந்து முறையில் எண்ணெயே இல்லை. பாயில் உடுப்போடு படுக்கவைத்து, கைகால்களை மடக்கி நீட்டி, உள்ளங்கையாலும் முழங்கையாலும் அமத்துவது. எங்கள் பக்கத்து முறையில் நெற்றியில் எண்ணெயை நூல்போல ஒழுகவிடுவோம். அதில் பத்து நிமிசத்துக்கு மேல் கண் விழித்திருந்த ஆளை நான் கண்டதில்லை. என்னுடைய முதல் ஆள் ஒரு பெரிய ஜேர்மன்காரர். தடவிக்கொண்டிருக்கையில் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. ஆளைக் கொன்றுவிட்டேன் என்று யாரையாவது கூப்பிட நான் வாசலுக்கு ஓட, மனிதர் ஒரு பெரிய குறட்டை விட்டார்.

வேலை நிரந்தரமானதும் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்ன வேலை?" என்று கேட்டார்.

சொன்னேன்.

அண்ணை சொன்னார்: "நாங்கள் மண்ணைக் கிண்டினாலும் எங்கடை மண்ணைத்தான் கிண்டினம். நீ ஊரான்ரை முதுகைத் தேய்க்கிறாய்."

அந்தப் பேச்சுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். யார் யாருடைய உடம்பைத் தொடலாம், எந்த வேலையை எந்த வீட்டார் செய்யலாம் என்று ஊர் போட்டு வைத்திருந்த கோடு. அண்ணை கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கோட்டுக்குள்ளேயே நடந்து பழகியவர்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, கலியாணம் செய்து, நல்லூரில் அந்த அறையைத் தொடங்கினேன். அண்ணை ஒருநாளும் அங்கே வந்ததில்லை. ஆனாலும் கோயில், கொண்டாட்டம் என்று போக்குவரத்து இருந்தது. அது அவருடைய மகளின் கலியாணத்தோடு நின்றது.

மாப்பிள்ளை பகுதியில் லண்டனில் இருந்து வந்த ஒரு பெரியவர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணை அவரிடம், "இவர் என்ரை தம்பி. பெரிய ஹோட்டலிலை மனேச்சராய் இருந்தவர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெரியவரோ பிளேனில் வந்த கழுத்துப் பிடிப்பில் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் மனேச்சர் இல்லை ஐயா. உடம்பு பிடிக்கிறவன். நாளைக்கு வாங்கோ, உந்தக் கழுத்தைப் பாப்பம்" என்றேன்.

அவர் வந்தார். அடுத்த நாள் சம்பந்தி வீட்டு விருந்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டி எல்லாருக்கும் சொல்லியும்விட்டார்.

அன்று பின்னேரமே அண்ணை எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"சபையிலை என்ரை மரியாதையை உரிச்சுப் போட்டாய்."

"நான் பொய் சொல்லேல்லை அண்ணை."

"அப்ப நான் பொய்க்காரன். அப்பிடித்தானே?"

போய்விட்டார். ஐந்து வருசம் கதை இல்லை. வழியில் கண்டால் அவருடைய சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பிவிடும். நானும் வீம்புக்காரன்தான். ஒருநாளாவது போய் நின்றிருக்கலாம். போகவில்லை.

பிறகு ஒரு காலை அண்ணையின் மனைவி, என் மச்சாள், ரெலிபோனில் அழுதா. அண்ணை தோட்டத்தில் தண்ணி கட்டிக்கொண்டு நிற்கையில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். இடது கையும் காலும் இழுத்துவிட்டது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். மகள் கனடாவில், மகன் லண்டனில். ஆஸ்பத்திரித் தாதிமார் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மச்சாளின் கைவிரல்களோ மூட்டுவாதத்தில் மடங்காதவை.

"தம்பி, ஆரும் காசு குடுத்தால் வருவினம். ஆனால் அவர் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டன் எண்டுறார்" என்றா.

"என்னை விடுவாரோ மச்சாள்?"

"அவரைக் கேக்காமல்தான் உங்களைக் கூப்பிடுறன்."

முன்னறையில் கட்டிலில் கிடந்தார். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது. ஆனாலும் சொல் விளங்கியது.

"உவனை ஆர் வரச் சொன்னது?"

முக்காலியை இழுத்து இடப்பக்கத்தில் இருந்தேன். அந்தக் கை தலையணைக்குப் பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. விரல்கள் வீங்கி, தோல் மினுங்கியது. இப்படிப்பட்ட கையை இழுக்கக்கூடாது. தோள்மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் கழரும். தூக்கி என் மடியில் ஒரு துவாயில் வைத்து, விரல் நுனியில் இருந்து தோளைப் பார்த்து மெல்ல மெல்லத் தடவினேன். வீக்கத்து நீர் மேலே ஏற வேண்டும். அமத்தலே இல்லை, தோலை மட்டும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

ஆயிரம் பேரின் கையைப் பிடித்திருக்கிறேன். இந்தக் கையை ஒருநாளும் பிடித்ததில்லை. மண்வெட்டி பிடித்த காய்ப்பு அந்த உள்ளங்கையில் அப்படியே இருந்தது. நான் படித்த ஒவ்வொரு வகுப்பும் அந்தக் காய்ப்பில் இருந்தது. குனிந்துகொண்டேன், கண்ணைக் காட்டாமல்.

காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, நல்லூரில் இருந்து மோட்டார்சைக்கிளில் போய்வந்தேன். தடவி முடிய, ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிகளைச் செய்விப்பேன். ஆளை நடக்க வைப்பது பயிற்சிதான், எண்ணெய் இல்லை என்று மச்சாளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தடவல் உடம்பை இளக்கிக் கொடுக்கும், நோவைக் குறைக்கும், பயிற்சி செய்ய மனம் வரும்.

இரண்டு கிழமை அண்ணை சுவரோடுதான் இருந்தார். மூன்றாம் கிழமை ஒரு காலை நான் தோள்பட்டைக்குப் பின்னால் விரல் வைத்தபோது சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"கொஞ்சம் மேலை."

மேலே போனேன்.

"உதிலைதான்."

ஐந்து வருசத்துக்குப் பிறகு எனக்குச் சொன்ன சொற்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி, ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தேன். எதற்கென்று தெரியாது. உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஏழாவது கிழமை அது நடந்தது.

காலையில் போனபோது அடுப்படியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணைக்கு விடிய முதலே இடது கெண்டைக்காலில் நல்ல நோவாம். பக்கத்து வீட்டு மனிசி வந்து பார்த்துவிட்டு, வாதம் இறங்குது, சூடாக எண்ணெய் வைத்து நல்லாய் அமத்தி உருவிவிட வேணும் என்று சொல்லியிருக்கிறா. மச்சாள் எனக்காகத்தான் காத்திருந்தா.

உடுத்திருந்த சாறத்தை விலக்கிப் பார்த்தேன். வலது காலைவிட இடது கால் வீங்கியிருந்தது. தோல் சிவந்து இறுகியிருந்தது. புறங்கையை வைத்தேன். ஒரு காலில் மட்டும் சூடு.

பயிற்சியில் முதல் கிழமை எப்படித் தொடுவது என்று எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. எங்கே தொடக்கூடாது என்பதைத்தான் படிப்பித்தார்கள். கன நாள் படுக்கையில் கிடந்தவரின் ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் கையை எடு. உள்ளே இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போகும். போனால் ஆள் தப்புவது கஷ்டம்.

"அதைத்தான் வடிவாய் அமத்தடா. நோகுது" என்றார் அண்ணை.

"இதை நான் தொடமாட்டன் அண்ணை. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஒரு கால் நோவுக்கு ஆஸ்பத்திரியோ? இவ்வளவு நாளும் தடவினனி, இண்டைக்கு என்ன வந்தது?"

"இண்டைக்குத் தடவக்கூடாது."

அவருடைய முகம் மாறியது. "விளங்குது. நோகிற நேரம் பாத்துக் கையை எடுக்கிறாய். ஐஞ்சு வருசம் நான் கதைக்காமல் விட்டதுக்கு உது பழி. விடு, நீ போ. அவ தேய்ச்சுவிடுவா."

மச்சாள் எண்ணெய்ச் சட்டியோடு வாசலில் நின்றா. அவவுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. ஒரு அடி முன்னுக்கு வைத்தா.

நான் அண்ணைக்கு எதிரே குரல் உயர்த்தியது சீவியத்தில் அன்று ஒருநாள்தான்.

"மச்சாள், அந்தச் சட்டியைக் கீழை வையுங்கோ!" என்று கத்தினேன். பிறகு அண்ணையிடம் சொன்னேன்: "வெங்காயம் எப்ப நடுறது எண்டு நீங்கள் சொன்னால் நான் மறுகதை கதைச்சிருக்கிறனோ? உடம்பைப் பற்றி நான் படிச்சனான் அண்ணை. இதுதான் என்ரை தொழில். இண்டைக்கு ஒருநாள் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

மச்சாள் சட்டியை நிலத்தில் வைத்தா. அண்ணை கூரை முகட்டைப் பார்த்தார். பிறகு, "ஓட்டோவைக் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் காலை ஸ்கான் செய்து பார்த்தார்கள். தொடைவரை இரத்தம் கட்டியிருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. "காலைத் தேய்ச்சீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டா. இல்லை என்றேன். "நல்ல காலம்" என்று சொல்லிவிட்டு ஊசிக்கு எழுதினா. அண்ணை தள்ளுவண்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தேன். தொழிலில் சேர்ந்த நாளில் இருந்து இந்தக் கைகளால் செய்த எல்லாவற்றையும்விட, அன்று செய்யாமல் விட்டதுதான் பெரிதாகப் பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நன்றி சொல்கிற வழக்கம் எங்களுக்கில்லை. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்புவது நின்றுபோனது. டொக்டர் சரி என்று சொல்லும்வரை அந்தக் காலை நான் தொடவில்லை. தோள், கழுத்து, தலை மட்டும். தலையில் விரல் ஓடும்போது அவருக்குக் கதை வரும். அப்பா செத்த வருசம் வெங்காயம் அழுகிப்போனதைச் சொன்னார். எனக்குப் பரீட்சை நடந்த காலத்தில் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நின்றதைச் சொன்னார். நான் உள்ளேயிருந்து ஒருநாளும் அதைக் கண்டதில்லை.

ஒருநாள் பின்னேரம், கிணற்றடியில் மச்சாள் உடுப்புத் தோய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவருடைய இடது கையைத் தடவி முடித்து, என் பெருவிரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் முதலில் பழுதாகிறது பெருவிரல்தான்.

"உனக்கு ஆர் பிடிச்சு விடுறது?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "எனக்கு ஆர்? வீட்டிலை என்ரை மனிசிக்கும் கை நோவுதான்."

"கொண்டா இஞ்சை."

நல்லாயிருந்த வலது கையால் என் கையைப் பிடித்து, பெருவிரலின் அடியில் அமத்தினார். முறை ஒன்றும் இல்லை. வெங்காயத்தின் பக்குவம் பார்க்கிற மாதிரி அமத்தி அமத்திப் பார்த்தார். கனத்த, சொரசொரப்பான கை. நோவு கூடினதுதான் மிச்சம். இருந்தாலும் நான் கையை இழுக்கவில்லை. மச்சாள் தேத்தண்ணியோடு வந்தா. எங்களைக் கண்டுவிட்டு, வந்த வழியே திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டா.

அவர் பொல்லு ஊன்றி நடக்கத் தொடங்க எட்டு மாதம் எடுத்தது. கை முழுசாய் வரவில்லை. கோப்பை பிடிக்கிற அளவுக்கு வந்தது. அதற்கும் பிறகு ஒரு வருசம் நான் போய்க்கொண்டிருந்தேன். தேவை இல்லாவிட்டாலும் போவேன். மருதனார்மடச் சந்தியில் சூடான வடை வாங்கிக்கொண்டு போவேன். பத்து நிமிசம் தடவல், ஒரு மணித்தியாலம் கதை.

போன வருசம் அண்ணையையும் மச்சாளையும் மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டா. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. காலையில் என் மோட்டார்சைக்கிள் இன்னும் சில நாள் தன்பாட்டில் உடுவில் பக்கம் திரும்பப் பார்க்கும்.

அங்கே அண்ணைக்குக் கிழமைக்கு இரண்டு தரம் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து உடம்பு பிடித்துவிடுகிறதாம். போன ஞாயிறு வீடியோவில் வந்தார். கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை.

"எப்பிடி அண்ணை, நல்லாய் செய்யினமோ?"

"நல்ல பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் எண்ணெய் இல்லையடா, ஏதோ கிறீம். வாசமும் இல்லை. தொடமுதல் 'தொடலாமோ, தொடலாமோ' எண்டு கேட்டுக்கொண்டு நிக்குது."

"அது அங்கத்தைய முறை. கேட்டுத்தான் தொட வேணும்."

"நீ எப்பவாவது என்னைக் கேட்டனியோ?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?"

சிரித்தார். வாயின் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது. பிறகு, பின்னுக்கு நின்ற மச்சாளிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. இந்த வருசம் குத்தகைக்காரன் வெங்காயம் நட்டுவிட்டானா, கிணற்றில் தண்ணி எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். "நாளைக்குப் போய்ப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.